ஜூனிபர் தனியாக ஓடிய மைல்

லியோட்டா கெஸ்ஸன் கின்னார்ட் கவுண்டியின் வருஷச் சந்தையை நடத்தும் குழுவைப் பார்க்க வெறுங்கையோடு போகவில்லை. மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுகிற ஆப்பிள் பை இரண்டு சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில், ஆண்கள் கூடி உட்கார்ந்திருக்கிற அறைக்குள் ஒரு பெண் நுழைந்து நாலு வார்த்தை பேச அதுதான் வழி என்று அவளுக்குத் தெரியும். வாய் நிறைய பையை வைத்துக்கொண்டு யாராலும் முடியாது என்று சொல்ல முடியாது. அவர்கள் மென்று விழுங்குவதற்குள் வந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சொன்னாள். மூன்று வயதுப் பெட்டைக் குதிரைக்குட்டிகளுக்கென்று சந்தையில் தனியாக ஒரு பந்தயம் வேண்டும். பேருக்கு ஒரு ஆண்குட்டிகூட அதில் இருக்கக் கூடாது.

அதுவரைக்கும் கின்னார்ட் சந்தையில் ஆணும் பெட்டையும் சேர்ந்துதான் ஓடின. இரண்டு சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு, பாயாமல் ஒரே நடையில் ஓட வேண்டிய பந்தயம் அது. மூன்று வயதுக்கு ஆண்குட்டிகளுக்குத் தோளும் மார்பும் வந்துவிடும். முதல் வளைவிலேயே பெட்டைகளை ஓரங்கட்டிவிட்டுப் போய்விடும். பெட்டைகள் கடைசியில் புழுதி தின்றுகொண்டு வரும். அக்டோபர் பிறந்தால், சாதுவாக இருப்பவற்றை, மதக் கட்டுப்பாட்டால் கார் ஓட்டாத ஆமிஷ்காரர்கள் தங்கள் கூண்டுவண்டிக்கு வாங்கிப் போவார்கள். மற்றவை குட்டி போடப் போய்விடும். ஒரு பெட்டையால் என்ன முடியும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் வாய்ப்புக் கொடுத்ததில்லை.

குழுத் தலைவர் எம்மெட் வோர்ஹீஸ் தீவன மில் வைத்திருந்தார். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய சிரிப்பு. பை கடைசி வாய் இறங்கியதும் கேட்டார்.

"பெட்டைங்களுக்குத் தனிப் பந்தயமா? ஓடி முடிச்சதும் என்ன செய்யணும் லியோட்டா, டீயும் பிஸ்கட்டும் குடுத்து உக்கார வெக்கணுமா?"

அறையே குலுங்கிச் சிரித்தது.

"தாராளமா குடுங்க எம்மெட். போன வருஷம் உங்க ஆண்குட்டி ஓடின லட்சணத்துக்கு அதுக்கு ஓட்ஸ் போட்டதே தண்டம்."

இந்தத் தடவை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவருடைய குட்டி போன வருஷம் நடை முறிந்து நாலுகால் பாய்ச்சலில் கிளம்பி, வேலியை உடைத்து, மெதடிஸ்ட் சர்ச்சுப் பெண்களின் கோழி நூடுல்ஸ் கடைக்குள் போய் நின்றதை யாரும் மறந்திருக்கவில்லை.

எம்மெட் வாயைத் துடைத்துக்கொண்டார். "அது சரி. ஆனா அதுங்களுக்கு பலம் பத்தாதும்மா. அது உனக்கே தெரியும்."

"தெரியும். பத்தாதுதான். நான் இல்லைன்னா சொன்னேன்? பத்தாததுங்க பத்தாததுங்களோட ஓடட்டும்னுதான் கேக்குறேன்."

அந்த வாக்கியம்தான் வேலை செய்தது. பாவம், ஓடிவிட்டுப் போகட்டும் என்று குழு ஒத்துக்கொண்டது. மத்தியானத்தில் இடமில்லை. காலையில், கேலரி நிரம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு ஓட்டம். ஒரு மைல், அரை மைல் தடத்தில் இரண்டு சுற்று. பரிசு கிடையாது. பரிசில்லாமல் பந்தயமா என்று சர்ச்சுப் பெண்கள் கூடி, ஜெயிக்கிற குதிரைக்கு ஒரு ஒட்டுப்போர்வை தைக்க உட்கார்ந்தார்கள். ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை முழுக்க அது தைக்கப்பட்டது.

லியோட்டாவின் பெட்டைக்கு ஜூனிபர் என்று பெயர். கருஞ்சிவப்பு நிறம், சின்ன உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டுகூடக் கிடையாது. கொஞ்சினால் பிடிக்காது. கூப்பிட்டால் வராது. கையில் ஆப்பிளை நீட்டினால் ஆப்பிளை விட்டுவிட்டுக் கையைக் கடிக்கும். லியோட்டாவின் தோளில் அது கடித்த தழும்பு இருந்தது. ஆனால் சல்கியில், அந்த இரண்டு சக்கரப் பந்தய வண்டியில், பூட்டிவிட்டால் அது வேறு பிறவி. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து முன்னே போகும், அடுத்த பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போகும். தொட்டில் ஆடுவது போல இடமும் வலமும் ஆடிக்கொண்டு அது போகும்போது முதுகில் தண்ணீர்க் குவளையை வைத்தால்கூடச் சிந்தாது என்று லியோட்டாவின் கணவன் ஆர்வில் சொல்வான்.

பந்தயத்தில் ஓட்டவேண்டியவன் ஆர்வில்தான். ஆகஸ்டில் ஒரு கறவைமாடு உதைத்து அவன் வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. லியோட்டா பக்கத்துப் பண்ணை க்ளிஃபர்ட் ரௌஷிடம் போனாள். அந்தக் கவுண்டியில் அவனைவிட நன்றாகக் கடிவாள வார் பிடிக்கிறவன் கிடையாது.

"நான் என் பெட்டைய ஓட்டுறேன். உன்னோடதையும் சேத்து ஓட்டணும்னா எனக்கு ரெண்டு பின்பக்கம் வேணும். கடவுள் ஒண்ணுதான் குடுத்திருக்கான்" என்றான் க்ளிஃபர்ட்.

"குடுத்த ஒண்ணே பெருசா குடுத்துட்டான்."

"ஏன், நீயே ஓட்டேன். தினம் காலைல நீதானே ஓட்டுற? உன் புருஷன் ஞாயித்துக்கிழமை வந்து பேர் வாங்கிட்டுப் போறான்."

அவன் கிண்டலுக்குச் சொன்னானோ நிஜமாகச் சொன்னானோ, லியோட்டா நேரே எம்மெட்டிடம் போனாள். பந்தய நடுவரும் அவர்தான். அவர் நெற்றியைச் சொறிந்தார்.

"பொம்பளை ஓட்டக் கூடாதுன்னு எங்கயும் சட்டம் இல்ல. சட்டம் போடணும்னு இதுவரைக்கும் யாருக்கும் தோணலை போலிருக்கு. சரி, ஓட்டு. விழுந்து வெக்காத."

பந்தயத்தன்று காலையில் சோளக்காட்டிலிருந்து பனிமூட்டம் எழுந்து தடத்தின் எதிர்ப்பக்கத்தை மூடியிருந்தது. கேலரியில் கொஞ்சம் பேர்தான். டோனட்டும் காப்பியுமாகக் குடியானவர்கள், பன்றிப் போட்டிக்கு வந்து நேரம் போகாமல் திரிந்தவர்கள், தூரத்து வேலியோரம் கறுப்புத் தொப்பியும் வெள்ளைக் குல்லாயுமாக ஆமிஷ் குடும்பங்கள். வந்தவை ஐந்தே பெட்டைகள். நடை மாறாமலிருக்க ஜூனிபரின் கால்களில் மாட்டியிருந்த வார்களை ஆர்வில் ஒற்றைக் கையால் சரிபார்த்தான்.

"லீ, முதல் வளைவுல அவசரப்படாத. விட்டுப் பிடி."

"எனக்குத் தெரியும் ஆர்வில்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்லாம இருக்க முடியலை."

எல்லாம் ஒரே வரிசையில் கிளம்புவதற்காக ஒரு பழைய கார் பின்பக்கம் இரண்டு இரும்புச் சிறகுகளை விரித்துக்கொண்டு முன்னால் போக, ஐந்து பெட்டைகளும் அந்தச் சிறகுக்குப் பின்னால் மூக்கை வைத்துக்கொண்டு வேகம் பிடித்தன. தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் சிறகுகள் மடங்கின, கார் விலகியது, தடம் திறந்தது. லியோட்டா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த வார்களின் வழியாக ஜூனிபரின் வாய் அவளோடு பேசிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

முதல் வளைவில், இந்தியானாவிலிருந்து வந்த ஒரு பெட்டை மிரண்டு உள்பக்கம் சாய்ந்தது. அதன் சக்கரமும் லியோட்டாவின் சக்கரமும் கோத்துக்கொண்டன. ஒரு நொடிதான். இருக்கை அவளுக்கு அடியிலிருந்து காணாமல் போனது. வானம் ஒரு தடவை கீழே வந்துவிட்டு மேலே போயிற்று. தடத்தின் உள்ஓரத்தில் விழுந்தாள். இடுப்பில் ஏதோ காய்ந்த குச்சி மாதிரி முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலி உடனே வரவில்லை. முதலில் வந்தது பயம், அதுவும் தனக்காக அல்ல.

ஆளை இழந்த குதிரை என்ன செய்யும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வெறுமையான வண்டி பின்னால் தடதடவென்று குதிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து குதிரை பாய்ச்சலெடுக்கும். தரையில் இழுபடும் வார் காலில் சுற்றும். அப்புறம் வேலி, ரத்தம், துப்பாக்கியோடு வரும் மிருக வைத்தியர். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

ஜூனிபரின் வார்கள் தரையில் விழவில்லை. இருக்கைக் கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்கின. மோதலில் தடுமாறி அது எல்லோருக்கும் பின்னால், வெகுதூரம் பின்னால் விழுந்திருந்தது. ஒரு கணம் தயங்கியது. காதுகள் பின்னால் போய் முன்னால் வந்தன. பிறகு நடையைத் தொடங்கியது.

பாய்ச்சலில்லை, அதே இணைநடை. இடம், வலம், இடம், வலம்.

லியோட்டாவால் எழுந்து உட்கார முடியவில்லை. கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. எதிர்ப்பக்கத்துப் பனிமூட்டத்துக்குள் ஐந்தும் மறைந்துபோயின. ஆனால் காதுக்கு அடியில் மண் பேசியது. ஐந்து குதிரைகளின் தாளம் ஒன்றோடொன்று கலந்து வந்தது. தினம் காலையில் கேட்டுப் பழகிய ஒரு தாளத்தை அவள் அதிலிருந்து பிரித்தெடுத்தாள். அது மாறவில்லை, உடையவில்லை. மற்றவற்றை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததை க்ளிஃபர்ட் ரௌஷ் தன் ஆயுள் முழுக்கச் சந்தைக் காப்பிக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பனிக்குள் பின்னாலிருந்து ஒரு மூச்சு கேட்டது. கூடவே லேசான வண்டி குதிக்கிற சத்தம். ஆள் உட்கார்ந்த வண்டி அப்படிச் சத்தம் போடாது. திரும்பிப் பார்த்தான். உயிரே நின்றுவிட்டது.

"ஒதுங்குங்கடா! ஆளில்லாத குதிரை வருது! ஒதுங்கு!" என்று கத்தினான்.

யாரும் ஒதுங்க நேரமில்லை, அவசியமும் இருக்கவில்லை. ஜூனிபர் ஒவ்வொரு வண்டியையும் நெருங்கி, போதுமான இடம் விட்டு வெளியே எடுத்து, சக்கரம் சக்கரத்தில் படாமல் தாண்டி, மறுபடி உள்ளே வந்தது. கை தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்து ஓட்டினால் எப்படியோ அப்படி. க்ளிஃபர்டைத் தாண்டும்போது அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலியான இருக்கை அவன் முகத்துக்கு நேரே கடந்து போயிற்று. "அந்த சீட்ல யாரோ உக்காந்திருக்காங்கன்னு எனக்கு ஒரு நிமிஷம் தோணிச்சு. கை கூப்பலாமான்னு இருந்தது" என்று அவன் சொல்லும்போது காப்பிக்கடையில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கேலரிக்கு முன்னால் முதல் சுற்று முடிந்து வந்தபோது ஜூனிபர் முன்னால் இருந்தது. ஆர்வில் வேலி தாண்டி ஓடிவந்து லியோட்டாவின் மேல் குனிந்திருந்தான். மனைவியை ஒற்றைக் கையால் இழுக்கப் பார்த்தான், அவள் அலறியதும் விட்டுவிட்டான். இரண்டு பேரும் தடத்தின் உள்ஓரத்திலேயே இருந்தார்கள். குதிரைகள் எப்போதும் ஒட்டி ஓடுவது அந்த ஓரத்தில்தான்.

"லீ, வர்றாங்க. எல்லாரும் வர்றாங்க."

"நீ போ ஆர்வில்."

"போடி இவளே" என்று சொல்லி அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

அவன் தோளுக்கு மேலாக லியோட்டா பார்த்தாள். முதலில் வந்தது ஜூனிபர். நேராக, ஓரத்தை ஒட்டி, இவர்களை நோக்கியே வந்தது. பிறகு, அவ்வளவு தூரத்திலேயே, ஒரு வண்டி அகலம் வெளியே விலகியது. பதறி ஒதுங்கவில்லை. ஆறு ஒரு பாறையைச் சுற்றிப் போவது போல விலகியது. பின்னால் வந்த வண்டிகளும் அது போன கோட்டிலேயே விலகின. முன்னால் போன குதிரையும் புழுதியும் மறைத்ததில் யாருக்கும் தரையில் கிடந்தவர்கள் தெரியவில்லை. முன்னால் போன பெட்டை எந்த வழி போயிற்றோ அந்த வழி போனோம், அவ்வளவுதான் என்று அவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஜூனிபரின் வயிறும் ஈரமான விலாவும் வாயோரத்து நுரையும் லியோட்டாவின் கண்ணுக்கு மிக அருகில் கடந்து போயின. அதன் கண்ணையும் பார்த்தாள். அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தடத்தைப் பார்த்தது. அவள் அந்த மிருகத்தை எத்தனையோ காலையில் பார்த்திருக்கிறாள், தேய்த்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள். இந்த முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை. ஓட்டுகிறவள் எப்போதும் பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டாவது சுற்றும் முடிந்து கோட்டைத் தாண்டியபோது ஜூனிபருக்கும் அடுத்த குதிரைக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். கேலரியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கை தட்டவில்லை, விசில் இல்லை. குடியானவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தொப்பிகள் கழன்றன. ஒரு பெண் சர்ச்சில் செய்வது போல வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்த மௌனத்தில் ஜூனிபர் மெல்ல வேகம் குறைத்து, வளைவைச் சுற்றி நடந்துவந்து, லியோட்டாவும் ஆர்விலும் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றது.

மூக்கால் அவளைத் தொட்டதாகவும் கண்ணீர் விட்டதாகவும் பிறகு பத்திரிகையில் எழுதினார்கள். அதெல்லாம் பொய். விலா ஏறி இறங்க நின்றது. வேலிக்கு அப்பால் சோளக்காட்டைப் பார்த்தது. கிட்டே போய் வாரைப் பிடித்த ஆளைக் கடித்தது.

"லீ, ஒரு தடவகூட நடை முறியலை" என்றான் ஆர்வில்.

"தெரியும். கேட்டுட்டுதான் இருந்தேன்."

ஓட்டுநர் இருக்கையில் இல்லாமல் கோட்டைத் தாண்டினால் அது ஜெயிப்பல்ல. நடுவர் என்ற முறையில் எம்மெட் வேறெதுவும் சொல்ல முடியாது. முதல் பெட்டைப் பந்தயத்தில் ஜெயித்தவன் க்ளிஃபர்ட் ரௌஷ். போர்வையை அவன் பெட்டையின் முதுகில் போட்டார்கள். ஒலிபெருக்கியை வாங்கி அவன் பேசினான்.

"சட்டப்படி நான் ஜெயிச்சிருக்கேன். போர்வைய நான் எடுத்துக்கிறேன். ஏன்னா பாதி என் பொண்டாட்டி தைச்சது, வேற வீட்டுக்குப் போச்சுன்னா எனக்குச் சாப்பாடு கிடையாது. ஆனா நான் ரெண்டாவதுதான் வந்தேன். நீங்க எல்லாரும் பாத்தீங்க."

லியோட்டா அந்த இலையுதிர் காலத்தை ஆஸ்பத்திரியில் கழித்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். பாதிரியார் தேவதூதன் என்றார். மிருக வைத்தியர், குதிரை கூட்டத்தை விட்டுப் பிரியாது, கூட்டத்தைப் பிடிக்கத்தான் ஓடியிருக்கும் என்றார். "பிடிச்சப்புறம் ஏன் தாண்டிப் போச்சு?" என்று ஆர்வில் கேட்டதும் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். அன்பு என்றார்கள் சிலர். லியோட்டா தோளிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டாள்.

மோஸ் யட்ஸி என்ற ஆமிஷ் குடியானவர் ஒருநாள் வந்தார். அவர் அன்று வேலியோரம் நின்று பார்த்தவர். முன்பின் பழக்கமில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார்.

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்னு ஊருக்குள்ள எனக்குப் பேரு. அன்னிக்குப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போறேன். வாரு என் கையிலதான் இருக்கு. ஆனா வண்டிய யார் ஓட்டுறாங்கன்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு" என்றார். பிறகு கேட்டார். "உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கும் அதேதான்" என்றாள் லியோட்டா.

அவர் தலையாட்டிவிட்டு, ஒரு ஜாடி ஆப்பிள் ஜாமை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வசந்தத்தில் அவள் கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய பிறகு எம்மெட் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை ஆப்பிள் பை அவர் கையில் இருந்தது.

"லியோட்டா, ஊர் முழுக்க அதே பேச்சு. கொலம்பஸ்லேர்ந்து கேக்குறாங்க, சிகாகோலேர்ந்து கேக்குறாங்க. வர்ற செப்டம்பர்ல ஜூனிபர மறுபடி அந்த மாதிரி ஓட விடலாம். பந்தயம் இல்ல, சும்மா ஒரு காட்சி. ஆளில்லாம ரெண்டு சுத்து."

"பெட்டைப் பந்தயம்?"

"மத்தியானம் வெக்கிறேன். மத்தியானம் என்ன, சனிக்கிழமை, கேலரி நிரம்பி வழியிற நேரத்துல வெக்கிறேன். நீ சரின்னு சொல்லு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும், ஆர்வில் பால் கறக்கப் போன நேரம் பார்த்து, ஜூனிபரைச் சல்கியில் பூட்டிப் பண்ணையின் பயிற்சித் தடத்துக்குக் கொண்டுபோனாள். வார்களை இருக்கைக் கம்பியில் சுற்றினாள். தள்ளி நின்றாள். நாக்கைச் சொடுக்கினாள்.

ஜூனிபர் நகரவில்லை.

மறுபடி சொடுக்கினாள். கை தட்டினாள். புல்லில் பனி கிடந்தது. வேலிக் கம்பங்களின் மேல் சிவப்புச் சிறகுக் கரும்பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. குதிரையின் ஒரு காது மட்டும் பின்னால் அவள் பக்கம் திரும்பியது. பிறகு தலையும் திரும்பியது. மந்தமாக, பொறுமையாக, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பது போல அவளைப் பார்த்தது.

லியோட்டாவுக்கு முகம் சுட்டது. குழுவின் முன்னால் நின்று பலம் பத்தாது என்று தானே சொன்னது காதில் கேட்டது. இந்த மிருகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அன்றைக்கு நடந்ததை வா என்றால் வரவழைக்க முடியாது. அது ஒரு தடவை அவளுக்கு முன்னால் கடந்து போயிருக்கிறது. அவள் அங்கே இருந்தாள். அதுவே அதிகம்.

விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சல்கியில் ஏறியதில்லை. கைத்தடியைப் புல்லில் போட்டாள். இடுப்பு வலிக்க வலிக்க ஏறி உட்கார்ந்தாள். வாரை எடுத்தவுடனே, சொடுக்காமலேயே, ஜூனிபர் கிளம்பியது.

அன்று சாயங்காலமே பதில் கேட்டு மறுபடி வந்த எம்மெட்டிடம், காட்சி வேண்டாம் என்று சொன்னாள்.

"ஓட மாட்டேங்குதா?" என்று கேட்டார் அவர்.

"ஓடுதா ஓடலையான்றது இல்ல எம்மெட். ஓடுன்னு சொல்ல நான் யாரு?"

முந்தின நாள் தான் கொண்டுவந்திருந்த ஆப்பிள் பையில் மீதி இருந்ததை அவர் தானே வெட்டி எடுத்துத் தின்றார்.

"சரி விடு. பந்தயத்த மத்தியானமே வெச்சுக்கலாம். குட்டி அனுப்புறோம்னு இப்பவே ஏழெட்டுப் பேர் கேட்டாச்சு. எப்படியும் ஜனம் வரும்." வாசல்வரை போய்த் திரும்பினார். "பத்தாததுங்கன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முயற்சி பண்ணிட்டு இருக்கேன். நீங்க விட்டாத்தானே!"

ஜனம் வந்தது. இரண்டாவது வருஷம் கேலரியில் நிற்க இடமில்லை. வேலியோரம் முந்தின நாளே நாற்காலிகளைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். ஜூனிபருக்கு நாலு வயதாகிவிட்டது. இனி அது அந்தப் பந்தயத்தில் ஓட முடியாது. மற்றப் பந்தயங்களில் ஓடியது. சில ஜெயித்தது, பல தோற்றது. மற்றக் குதிரைகளைப் போலத்தான் ஓடியது. அதைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

ஆனால் அந்த இரண்டாவது வருஷம் ஒன்று நடந்தது. யாரும் சொல்லி வைக்கவில்லை, ஒலிபெருக்கியில் அறிவிக்கவுமில்லை. கார் விலகிப் பெட்டைகள் முதல் வளைவுக்குள் போனதும் கேலரி முழுக்க வாயை மூடிக்கொண்டது. முதல் சுற்று முடியும்வரை குளம்புச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில்தான் கூச்சல் வெடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வந்தவன் விவரம் தெரியாமல் கத்தத் தொடங்கினால் பக்கத்திலிருப்பவர் அவன் முழங்கையைத் தொடுவார். அவன் சுற்றிப் பார்ப்பான். அப்புறம் அவனும் வாயை மூடிக்கொள்வான்.

ஒரு வருஷம் மூன்று நாள் மழை பெய்து தடம் சேறாகிப்போனது. பந்தயம் நின்றுவிடக் கூடாதென்று குடியானவர்கள் தங்கள் டிராக்டர்களைக் கொண்டுவந்து வரிசையாக ஓட்டித் தடத்தை உலர்த்தினார்கள். இன்னொரு வருஷம், கென்டக்கியிலிருந்து வந்த ஒரு பெண், கைக்குழந்தையைக் குதிரைக் கொட்டடியில் வைக்கோல் கட்டின்மேல் தூங்கப் போட்டுவிட்டு, வண்டியேறி ஜெயித்துவிட்டு, போர்வையை நேரே கொண்டுபோய்க் குழந்தைமேல் போர்த்தினாள். அந்தப் பரிசுப் போர்வையை ஒவ்வொரு கோடையும் கவுண்டியே கூடித் தைத்தது. அறுபதுகளின் கடைசியில், குட்டையான கழுத்துள்ள ஒரு சாம்பல் பெட்டை ஓடிய வேகம், அந்தத் தடத்தில் ஆணோ பெட்டையோ எந்தக் குதிரையும் அதுவரை ஓடாத வேகம். மறுநாள் ஆண்குட்டிகள் அதை முறியடிக்கப் பார்த்தன. முடியவில்லை. கடைசிக் காலத்தில் இருந்த எம்மெட் சக்கர நாற்காலியிலிருந்தபடியே, "இப்ப யாருக்கு டீ, யாருக்கு பிஸ்கட்?" என்று கத்தியதைக் கேலரியே கேட்டது.

ஜூனிபரின் மகள்களும் பேத்திகளும் அந்தப் பந்தயத்தில் ஓடின. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஒருத்தி மூன்றாவதாக வந்தாள், அவ்வளவுதான். ஜூனிபர் வயதாகி, முதுகு குழிந்து, கடைசிவரை யாரிடமும் கொஞ்சல் வாங்காமல் இருந்தது. ஒரு மார்ச் காலையில் மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம் படுத்திருந்தது, எழவில்லை. ஆர்வில் அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போனான்.

ஆர்வில் இல்லாத முதல் செப்டம்பரில் லியோட்டா சந்தைக்கு வருவதாகவே இல்லை. க்ளிஃபர்ட் வந்து அழைத்துப் போனான். அவனுக்கும் வயதாகி, பந்தயத்தை விட்டு, இப்போது சிறகு விரித்துப் போகும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். காரும் மாறியிருந்தது, பெரிய வெள்ளைக் கார். பின்னால் கண்ணாடிக்குப் பக்கத்தில், குதிரைகளைப் பார்த்தபடி உட்கார, தொடங்கி வைக்கும் அதிகாரிக்கு ஒரு இருக்கை. அதன் பக்கத்தில் இன்னொன்று காலியாக இருந்தது.

"ஏறு" என்றான்.

"எனக்கெதுக்கு இதெல்லாம். இடுப்பு விட்டுப்போகும்."

"உன் இடுப்பு என்னிக்கோ விட்டுப்போச்சு. இத்தன வருஷமும் குதிரையப் பின்னாலேர்ந்து பாத்திருக்க, பக்கத்துலேர்ந்து பாத்திருக்க. ஒரு தடவ முன்னாலேர்ந்து பாரு. ஏறு கிழவி."

ஏறினாள். கார் நகர்ந்தது. சிறகுகள் விரிந்தன. ஒன்பது பெட்டைகள் சிறகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தன. முதலில் அலட்சியமாக நடந்து வந்தன, பிறகு தலைகள் தாழ்ந்தன, பிறகு க்ளிஃபர்ட் வேகம் கூட்டக் கூட்ட அவையும் கூட்டின. நாசிகள் விரிந்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. பிடரிகள் எழும்பின. கைநீட்டினால் தொடலாம் போலிருந்தது. ஒன்பது முகங்களும் இடமும் வலமும் ஆடின, ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை. அந்த முகங்களுக்குப் பின்னால் வண்டிகள் தெரியவில்லை. வார் பிடித்திருக்கும் ஆட்களும் தெரியவில்லை. பெட்டைகள் மட்டும்தான், தாங்களாகவே, அவ்வளவு பெரிதாக, வந்துகொண்டிருந்தன.

லியோட்டா இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன லியோட்டா, எப்படி இருக்கு?" என்று முன்னாலிருந்து க்ளிஃபர்ட் கத்தினான்.

"பேசாத. முதல் சுத்து."

சிறகுகள் மடங்கின. க்ளிஃபர்ட் காரை வெளிப்பக்கம் ஒதுக்கினான். ஒன்பதும் அவளைத் தாண்டி வளைவுக்குள் போயின. கேலரி மௌனமாக எழுந்து நின்றது.